அண்ணனைச் சேர்த்துவிடலாமா? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

குடிநோய் பற்றி உங்கள் தளத்தில் வரும் பதில்களைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் வீட்டு விஷயத்தை எழுதத் தயக்கமாகவே இருந்தது. இப்போது யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார், விற்றாயிற்று. பத்து வருடமாகக் குடி, அப்பா இறந்த பிறகு ரொம்ப அதிகம். இப்போதெல்லாம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கையில் டம்ளர் நிற்காது. அண்ணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். போன தை மாதம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு தானாகவே நிறுத்தினார். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தோம். மறுநாள் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"செத்துப்போகிறேன்" என்று அடிக்கடி சொல்வார். ஆவணியில் ஒரு நாள் சொன்னதோடு நிற்கவில்லை. நல்லவேளை, அம்மா பார்த்துவிட்டார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை.

தெரிந்தவர் ஒருவர் ஒரு மையத்தைச் சொல்கிறார். போன் செய்தால் ராத்திரியில் வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாம் பார்க்க முடியாது, பேசவும் முடியாது. நாலு அடி போட்டால்தான் திருந்துவான் என்கிறார் மாமா. குழம்பில் கலந்து கொடுக்கிற பொடி ஒன்று இருக்கிறது, அதை வாங்கிவா என்கிறார் அம்மா. நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். உள்ளே சேர்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உண்மையைச் சொன்னால், அவர் கொஞ்ச நாள் கண்முன் இல்லாமல் இருந்தாலே போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேர்க்கத்தான் வேண்டும். அந்த வலிப்பும் ஆவணியில் நடந்ததும் போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் வேனில் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் வேண்டாம்.

காரணம் சொல்வதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி பேஸ்ட் எதுவும் உங்கள் வீட்டிலோ கொட்டகையிலோ இருக்கக் கூடாது. ஒளித்துவைத்தால் போதாது, வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த நேரத்து வேகத்தில் கைக்கு எட்டாமல் போனதாலேயே பிழைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். மறுபடி சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஏதாவது செய்துகொண்டால் 108. போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பழைய பயம் இன்னும் கிராமங்களில் அப்படியே இருக்கிறது. அதனால் போகும் உயிர்கள் தனிக்கணக்கு.

இனி வலிப்புக்கு வருகிறேன். கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தினாரே, அவருக்கு மனசு இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். மனசு இருந்தது, உடம்புதான் விடவில்லை. வருடக்கணக்காகச் சாராயம் மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. சட்டென்று நிறுத்தினால் அமுக்குகிற விசை போய்விடுகிறது, கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சுகிறது. மேட்டில் முக்கி இழுக்கிற மாடு, நுகத்தடி கழன்றால் முன்னால் போய் விழுமே, அந்த மாதிரி. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு ஆபத்து. ஆள் அடையாளம் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஜுரம் அடிக்கும், நாடித்துடிப்பு எகிறும். மருத்துவம் பார்க்காமல் விட்டால் உயிர் போகலாம். குடிகாரனைப் பேய் பிடித்துவிட்டது என்று இந்தக் கட்டத்தில்தான் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

ஒரு முறை இப்படி வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வர வாய்ப்பு அதிகம். அதனால் உங்கள் அண்ணன் வீட்டில் நிறுத்தக் கூடாது. அறையில் பூட்டிவைத்துச் சரக்கு கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்கிற நாள் வரை அவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. வார்டில் சேர்த்தால் வலிப்பு வராமல் இருக்க மாத்திரை கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். பல வருடம் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு அது இல்லாமல் மூளையே நிரந்தரமாகப் பழுதாகலாம். இதெல்லாம் முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். (மறுபடி வலிப்பு வந்தால் சாவி வேண்டாம், அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108ஐக் கூப்பிடுங்கள்.)

குடிக்கிற எல்லோரையும் உள்ளே சேர்க்க வேண்டியதில்லை. வலிப்பு வந்ததில்லை, சாகிற எண்ணம் இல்லை, ஈரலும் இதயமும் பரவாயில்லை, வீட்டில் நிதானமான ஒருவர் கூட இருக்கிறார், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்றால் ஓபியில் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே நிறுத்தலாம். லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1977இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மணமான நூறு ஆண்கள். பாதிப் பேருக்கு முழு சிகிச்சை, தேவைப்பட்டால் வார்டு உட்பட. மீதிப் பேருக்கு மனைவியோடு உட்காரவைத்து ஒரே ஒரு முறை ஆலோசனை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு அதிக நாள் உள்ளே வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கைக்கு அன்றே ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் வலிப்பு, சாகும் எண்ணம் இரண்டும் இருக்கின்றன, கூட இருப்பவர் வயதான அம்மா மட்டும்தான்.

அப்புறம் மனசு விஷயம். குடி முதலில் வந்ததா, மனச்சோர்வு முதலில் வந்ததா என்று குடித்துக்கொண்டிருக்கும்போது எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாராயமே சோர்வை உண்டாக்கும். அமெரிக்காவில் பிரவுனும் ஷுக்கிட்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய்க்காகச் சேர்ந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கடுமையான சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பலருக்குச் சாராயத்தோடு சோர்வும் போய்விடுகிறது. உங்கள் அண்ணன் அந்த மிச்ச ஆறு சதவீதத்தில் ஒருவராக இருக்கலாம். அப்பா போன பிறகுதான் குடி ஏறியது என்கிறீர்கள். அதற்கு முன்பும் யாரோடும் பேசாமல், தூங்காமல், வேலைக்குப் போகாமல் முடங்கிய காலம் உண்டா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். நான்கு வாரம் காத்திருப்பது நோய்க்குப் பெயர் வைக்க மட்டும்தான். சாகிற எண்ணத்துக்குப் பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே வேண்டும். குடிக்கு ஓரிடம், மனசுக்கு ஓரிடம் என்று அலையாமல் இரண்டையும் ஒரே மனநல மருத்துவர் பார்க்கிற இடமாக இருக்கட்டும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அவர் கண்முன் இல்லாமல் இருந்தால் போதும் என்று தோன்றுவதற்காக வெட்கப்படாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளராக நான் வேலை பார்த்த காலத்தில், அண்ணனையோ கணவனையோ கூட்டிக்கொண்டு வந்த பெண்கள் கிட்டத்தட்ட எல்லோருமே இதைத்தான், பாதி வாய்க்குள்ளேயே, சொன்னார்கள். நியாயமான தேவைதான். ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்பதும் உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டும்போதுதான் வேன் வருகிறது. அந்த ஆறு மாதம் நோயைப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை, களைத்துப்போன குடும்பத்தின் பெருமூச்சை அளந்து போட்ட விலை. உங்கள் ஓய்வுக்கு வேறு வழி செய்யுங்கள். அம்மா ஒரு மாதம் உங்களோடு தஞ்சாவூரில் இருக்கட்டும். ராத்திரிக் காவலுக்கு மாமா வரட்டும், அடிக்கிற கையை அதற்குப் பயன்படுத்தலாம்.

வேன் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொன்ன அதே 2017 சட்டம், குடியோடும் போதைப்பொருளோடும் சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே வைத்திருக்கிறது. ஒருவர் சம்மதிக்காதபோது சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று உறுதி செய்ய வேண்டும். அதுவும் முதலில் முப்பது நாள்தான். உள்ளே இருப்பவருக்குப் பார்வையாளர்களைச் சந்திக்கவும் போன் பேசவும் உரிமை உண்டு. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்களும் உங்களைப் போல வேறு வழி தெரியாத குடும்பங்கள்தான். இரண்டு மாதம் பார்க்க முடியாது என்று ஓரிடம் சொன்னால், அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் பார்க்கக் கூடாதது ஏதோ நடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தனியார் மையம்தான் என்று முடிவானால் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசுகிறார்களா என்பதை வைத்தே பாதி எடைபோட்டுவிடலாம். சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அதனால்தானோ என்னவோ அங்கே குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்பது ஆரம்பத்திலிருந்து இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் குடவாசல் அருகே மஞ்சக்குடி இருக்கிறது அல்லவா? டி.டி.கே. மருத்துவமனையினர் அந்தக் கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்களையும் வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு குடியை நிறுத்த உதவினார்கள். அந்த அனுபவம் 1994இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் கட்டுரையாகவும் வந்தது. ஆளை ஊரைவிட்டுக் கடத்தினால்தான் மாறுவார் என்பவர்களுக்கு நான் மஞ்சக்குடியைச் சொல்வேன்.

உங்கள் அண்ணனுக்கு முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவைத்தான் பரிந்துரைப்பேன். ஈரல், சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றுக்கும் அங்கேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், காசும் ஆகாது. அதைத் தாண்டி சில மாதம் தங்கும் இடம் தேவைப்படுகிறவர்களும் உண்டு. பல முறை முறையாக நிறுத்தியும் வீட்டுக்கு வந்த உடனே திரும்பக் குடிப்பவர்கள், வீட்டிலேயே இன்னொருவர் குடிப்பதால் பாட்டிலை விட முடியாதவர்கள், மனநோய் இன்னும் கட்டுக்குள் வராதவர்கள். உங்கள் அண்ணனுக்கு ஒரு முறைகூட முறையான சிகிச்சை நடக்கவில்லை. அதற்குள் ஆறு மாதம் பற்றிப் பேச வேண்டாம்.

அம்மாவின் பொடி வேண்டவே வேண்டாம். அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற மருந்து) கலந்திருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். அதே மாத்திரையை அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டால் நல்ல மருந்து. குடிக்கிற ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மாத்திரைகளும் உண்டு. வார்டிலிருந்து வந்த முதல் சில மாதங்கள்தான் வழுக்குகிற காலம், அப்போது மாத்திரையும் ஓபியும் விடக் கூடாது. கும்பகோணத்தில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, நீங்கள் போங்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில், முதல் ஊற்று ஊற்றி நடுக்கம் நின்ற பிறகு, இரண்டாவதுக்கு முன்னால். அண்ணியை இழுக்காதீர்கள், டிராக்டரை இழுக்காதீர்கள். வலிப்பு வந்த ராத்திரியில் நீங்களும் அம்மாவும் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "நீ நிறுத்தப் பார்த்தாய் அண்ணா, உடம்பு விடவில்லை, அதற்கு மருந்து இருக்கிறதாம்" என்று தொடங்கலாம். தூக்கம் வருவதற்கு, கை நடுக்கம் நிற்பதற்கு என்று சொன்னால் வருகிறவர்கள், குடியை நிறுத்த வா என்றால் வர மாட்டார்கள். அதில் பொய்யும் இல்லை. முடியாது என்றால் நீங்களும் அம்மாவும் மட்டும் ஓபிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வாருங்கள், நான் மேலே சொன்ன சட்டப்படியான வழியை அவர்கள் சொல்வார்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்த நேரம், வலிப்பு வந்த தேதி, ஆவணியில் நடந்தது, இப்போது சாப்பிடுகிற வேறு மாத்திரைகள். ஓபியில் கூட்டம் இருக்கும். ஆவணியில் நடந்ததை வரிசையில் நின்று முறை வரும்வரை வைத்திருக்காமல், சீட்டுப் போடும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.