வாசகர் கேள்வி பதில்: திங்கட்கிழமைகளில் வராத பையன்

(பினாங்கில் சமூகநல அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் எழுதுகிறார். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறிய தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியவை.)

கேள்வி: அம்மா, செபராங் பிறையில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். முழுப் பள்ளிக்கும் அறுபது பிள்ளைகள்தான். நான்காம் ஆண்டில் ஒரு பையன் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் வருவதில்லை. வரும் நாட்களிலும் இரண்டாவது பாடத்தில் தூங்கிவிடுகிறான். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பிறையில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பாட்டியோடு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருக்கிறான். சமூகநல இலாகாவுக்குச் சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, செபராங் பிறை

பதில்: 'பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்ற பேச்சு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே இருந்தது. எங்கள் வண்டி தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலே கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அதிகாரி தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகும் இல்லம் ஒன்றே வழி அல்ல. தகுதியான உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், பெற்றோரிடமே நிபந்தனையுடன் திருப்பி அனுப்பலாம். தூங்கி விழுகிற பையனுக்காக நீதிமன்றம் வரை போகிற அதிகாரியை நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஓய்வு எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

இனி உங்கள் பையன். அவன் பெரும்பாலும் வராத நாள் திங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இந்தக் கோப்பு வந்திருந்தால் நான் பிடித்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். அம்மாவின் வாரம் எந்த இரவில் தொடங்குகிறது? ஞாயிறு இரவு என்றால், திங்கள் காலையில் அவனை எழுப்புவது யார்? தொழிற்சாலை பஸ் அம்மாவை எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது? பாட்டியால் ஐந்து மாடி இறங்கி ஏற முடியுமா, மின்தூக்கி வேலை செய்கிறதா? பள்ளி வேன் கட்டணம் பாக்கி இருக்கிறதா? இரவில் அவன் தூங்காமல் இருப்பது கைப்பேசியாலா, பாட்டிக்கு உடம்பு முடியாமல் அவன்தான் பார்த்துக்கொள்கிறானா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. சில வீடுகளில் எதிர்வீட்டு அம்மாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினாலே விஷயம் முடிந்துவிடும். சில வீடுகளில் பாட்டிக்கு மருத்துவமனை, பையனுக்கு உதவித்தொகை, அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் கேட்டுத் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் என்று மூன்று பக்கமும் போக வேண்டியிருக்கும். எது என்று தெரியாமல் அம்மாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டுக் கண்டித்தால், அடுத்த வாரம் செவ்வாயும் வரமாட்டான்.

சிறிய பள்ளியில் இந்தக் கேள்விகளில் பாதிக்கு யாருக்காவது பதில் தெரிந்திருக்கும். அவன் கீழே வந்து காத்திருக்கிறானா, ஹாரன் அடித்த பிறகு ஓடி வருகிறானா என்று வேன்காரருக்குத் தெரியும். காலை உணவுத் திட்டத்தில் அவன் தட்டை எப்படிக் காலி செய்கிறான் என்று சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குத் தெரியும். தோட்டக்காரர் அவன் தாத்தாவோடு ஒரே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவராகக்கூட இருப்பார். எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது யாருடைய வேலையும் அல்ல. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைப்பது அரிது. மாணவர் நலப் பிரிவின் துணைத் தலைமையாசிரியரே கணிதமும் எடுத்துக்கொண்டு, பாடநூல் கணக்கும் பார்த்துக்கொண்டு, இதையும் தலையில் சுமக்கிறார். அவரோடு உட்கார்ந்து இந்தப் பையனின் விஷயத்தை இறுதிவரை கொண்டுபோகிறவர் யார் என்று ஒருவர் பெயரை எழுதிவையுங்கள். நீங்களாகவே இருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கண்ணால் கண்டது, அவன் சொன்ன சொல் அப்படியே, அவ்வளவுதான். 'வீட்டில் கவனிப்பு இல்லை' என்று எழுதாதீர்கள். 'காலை 8.40க்கு மேசையில் தலைவைத்துத் தூங்கினான், சட்டை நேற்றுப் போட்டதே' என்று எழுதுங்கள். முதல் வகைக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு சமூகநல அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டலாம்.

இதெல்லாம் தூக்கத்துக்கும் வருகைக்கும். உடம்பில் காயம், வீட்டுக்குப் போகப் பயம், நாள்கணக்கில் பட்டினி என்று எதையாவது கண்டால் நோட்டுப் புத்தகம் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே 15999, தாலியான் காசே என்ற அரசு உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். நிரூபிக்கும் வேலை உங்களுடையதல்ல. நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவருக்குச் சிறார் சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

கேள்வி: ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள், அப்பா குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார் என்று ஆலோசனை ஆசிரியரிடம் அழுதிருக்கிறாள். அன்று மாலை கோயிலில் இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். இனி எப்படிப் பிள்ளையை நம்பி அனுப்புவது?
— ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஊரே ஒரு குடும்பம் என்று சிறிய பள்ளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. இரகசியத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

பதிவு பெற்ற ஆலோசகரை 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவருடைய தொழில் கடமை. ஆனால் சிறிய பள்ளிகளில் அந்த நாற்காலியில் பல நேரம் கூடுதல் பொறுப்பாக அமர்த்தப்பட்ட வகுப்பாசிரியர்தான் உட்கார்ந்திருக்கிறார். மனசு நல்ல மனசாக இருக்கும், பயிற்சி இருக்காது. ஆசிரியர் அறையில் 'பாவம் அந்தப் பிள்ளை' என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போகும், அப்புறம் கோயில்.

தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். யார் சொன்னார் என்று துப்பறிய வேண்டாம், கிடைக்காது. மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பிள்ளை சொன்னது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அந்த அலமாரிச் சாவி யாரிடம், அதைப் படிக்க யாருக்கெல்லாம் அனுமதி. பதில் தடுமாறினால் தடுமாறட்டும், அடுத்த பிள்ளைக்காவது பூட்டு வரும். மகளிடம், ஆசிரியரிடம் சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லுங்கள். 'வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொன்னாய்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. உங்களுக்கே பேச ஆள் வேண்டுமானால், ஜார்ஜ் டவுனில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்ற மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை, அங்கே உங்கள் கோயில்காரர்களும் இல்லை.

கேள்வி: அம்மா, என் பேத்திக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது. பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. மகன் மலேசியக் குடிமகன், மருமகள் வெளிநாட்டுக்காரி. கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பள்ளியில் சேர்ப்பார்களா?
— ஒரு தாத்தா, நிபோங் திபால்

பதில்: ஐயா, இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்காதீர்கள்.

பள்ளி முதலில். பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், பத்திரம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்க்க 2019 முதல் வழி இருக்கிறது. பள்ளி வாசலில் 'முடியாது' என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். மகனின் அடையாளக் கார்டு, மருத்துவமனையில் பிறந்ததற்கான தாள், தடுப்பூசிப் புத்தகம் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். மகனும் கூட வரட்டும்.

பத்திரம் நீண்ட கதை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1982 மார்ச் முதல் பதிவு செய்யப்பட வேண்டும். தாலி மட்டும் சட்டத்துக்குப் போதாது. பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் பார்க்கப்படும். ஆகவே, தாமதப் பதிவு செய்து பத்திரம் கிடைத்தாலும் அதில் 'குடிமகன் அல்லர்' என்று வரக்கூடும். இப்போது போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் பின்னோக்கிச் சரியாகாது. அதன்பிறகு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தேசியப் பதிவு இலாகாவுக்கு நீங்கள் தனியாகப் போய் அலையாதீர்கள். டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற அமைப்புகள் நம் சமூகத்தில் இத்தகைய வழக்குகளைப் பல காலமாகக் கையாண்டு வருகின்றன. எந்தத் தாள் எந்த முகப்புக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

நூறு வெள்ளி கொடுத்தால் பத்திரம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. பள்ளிக்கென்று ஒரு சமூகப்பணியாளரை வைக்கலாமா? ஹாங்காங்கில் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்களாமே.
— ஒரு செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: இருக்கிறார்கள். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே ஒவ்வோர் இடைநிலைப்பள்ளிக்கும் ஒருவர் என்று கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அங்கே சம்பளம் கொடுப்பது அரசு மானியம், பெற்றோர் சங்கத்தின் உணவுச் சந்தை வசூல் அல்ல. ஓராண்டு வைத்துவிட்டுப் பணம் தீர்ந்தது என்று அனுப்புவதானால், ஆரம்பிக்கவே வேண்டாம் தம்பி. பாதியில் விட்ட பிள்ளை அடுத்து வருகிறவரிடம் வாயே திறக்காது.

அக்கம்பக்கத்துச் சிறிய பள்ளிகள் மூன்று நான்கு சேர்ந்து ஒருவரை வைத்தால் நடக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் வரட்டும். படித்தவராக இருக்க வேண்டும், சங்கத் தலைவரின் அண்ணன் மகள் என்பது தகுதி ஆகாது. அவருடைய வேலையை மேற்பார்வையிட அனுபவமுள்ள ஒருவர் வெளியில் வேண்டும், கோப்பு சங்கத்தின் கைக்கு வரவே கூடாது. 'நாங்கள்தானே சம்பளம் தருகிறோம், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லக்கூடாதா' என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். அவரை உட்காரவைக்க உங்களால் முடியுமானால் மேலே போங்கள். தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகம் இரண்டு பக்கமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

நம் பினாங்கிலேயே, மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் சமூகப்பணி கற்பிக்கிறார்கள். மாணவர்களுக்குக் களப்பயிற்சி கட்டாயம். அங்கே கேட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெயரும் ஊரும் எழுதாமல் கடிதம் போட்ட மாணவிக்கு: உன் கடிதத்தை அச்சிடவில்லை. வீட்டில் வந்து தங்கும் அந்த உறவினர் செய்வது குற்றம், உன் மேல் பிழை எதுவும் இல்லை. 15999க்குப் போன் செய். பேச முடியாவிட்டால் 019-2615999க்குப் புலனத்தில் செய்தி அனுப்பு, தமிழிலேயே எழுதலாம். கைப்பேசி இல்லை என்றால் பள்ளியில் நீ நம்புகிற ஒருவரிடம் சொல், அது கேண்டீன் அக்காவாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்.

அதைக் கேட்கப்போகும் பெரியவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம், ஐந்து பேரிடம் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அது அவளையும் வதைக்கும், வழக்கையும் கெடுக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குடும்ப மானம் என்ற காரணத்தை அந்தச் சட்டம் ஏற்பதில்லை. பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராக அழைத்துப் போகலாம். மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி எல்லாரும் அங்கேயே வருவார்கள். சீருடையை மாற்றவோ குளிப்பாட்டவோ வேண்டாம், அப்படியே கூட்டிப்போங்கள்.