முதல் நாளே சொல்லிவிடுங்கள்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டிலிருந்து இங்கே மொரிசியஸில் பட்டப்படிப்பு முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். இருபத்தாறு பேர். வீட்டில் எல்லோரும் பிரெஞ்சிலிருந்து பிறந்த இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறவர்கள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். முதல் பருவத்தில் கண்டிப்பாக இருந்தேன். கைப்பேசி கூடாது, தாமதம் கூடாது, கிரியோல் கூடாது. வகுப்பு ஊமையாகிவிட்டது. இரண்டாம் பருவத்தில் பிடியைத் தளர்த்தினேன். கலகலப்பு வந்தது. ஆனால் ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பதரைக்கு வருகிறார்கள். கட்டுரைகள் பத்து நாள் பிந்தி வருகின்றன. கேட்டால், "நீங்கள் சொல்லவே இல்லையே, மிஸ்" என்கிறார்கள். மாணவர்களை ஈர்க்கவும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும் என்றால் எதை முதலில் பிடிப்பது?

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு விரிவுரையாளர்
(பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மாணவர்களின் சொல்லைத்தான்: "நீங்கள் சொல்லவே இல்லையே." முதல் பருவத்தில் கூடாதவற்றைச் சொன்னீர்கள். இரண்டாம் பருவத்தில் ஒன்றையும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டிலும் அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

நம் தீவில் புயல் எச்சரிக்கை எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒன்று முதல் நான்கு வரை எண்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்றால் 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே முதல் எண். இரண்டாவது வரும்போது, அந்தக் காற்று வருமுன் கூடியவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிஞ்சியிருக்க வேண்டும். மூன்றாவதற்கு 6 மணி நேரம். எண்ணைக் கேட்டதும் பாட்டி மெழுகுவர்த்தியைத் தேடுகிறாள், அப்பா ஜன்னலை இறுக்குகிறார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் மக்கள் வேலைக்குப் போன பிறகு எச்சரிக்கை உயர்ந்தது. தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. மழையை யாரும் நொந்துகொள்ளவில்லை. நேரத்தோடு சொல்லவில்லையே என்றுதான் கொதித்தார்கள்.

நானும் நேரத்தோடு சொல்லாதவள்தான். கற்பிக்க வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி கட்டுரைக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அவள் தாயாரைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். கொடுத்தேன். அதே கட்டுரையை ஒரு பையன் மூன்று நாள் பிந்திக் கொண்டுவந்தான், வாங்க மறுத்துவிட்டேன். மாமாவின் கடையில் இரவு பத்து மணிவரை நிற்கிறான் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. "அவளுக்கு மட்டும் ஏன்?" என்றான். அடுத்த வாரத்திலிருந்து அவன் தமிழ் வகுப்புக்கு வரவில்லை. எழுதி வைக்காத விதி, ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே உதவுகிறது. கேட்கக் கூசுகிற பிள்ளை அப்படியே நழுவிப் போகிறது. இன்றும் அவன் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே முதல் வகுப்பிலேயே ஒரே ஒரு தாளைக் கையில் கொடுங்கள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியும் செய்ய வேண்டியதைச் சொல்லட்டும். "ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படாது, ஆனால் முதல் பத்து நிமிடத்தில் ஒரு சிறு எழுத்து வேலை இருக்கும், அதற்கு மதிப்பெண் உண்டு" என்றால் பஸ் பிந்தியவனும் அவமானப்படாமல் உள்ளே வரலாம், சோம்பியவனும் ஒழுங்குக்கு வந்துவிடுவான். கட்டுரைக்கு, பருவத்தில் இரண்டு முறை மூன்று நாள் வரை தாமதம், காரணம் கேட்கப்படாது. அதற்கு மேல் மதிப்பெண் குறையும். என் அந்தப் பையனுக்கு இந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். கைப்பேசியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதீர்கள். அகராதி பார்க்க எடுக்கலாம், மற்ற நேரம் பையில்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிற விதி வேறு: பிறர் உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. சிரிப்பு வந்தால் அங்கேயே பாடத்தை நிறுத்துங்கள், முதல் தடவையே. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாததல்ல பெரிய தடை. ழகரம் வராத நாக்கை நாலு பேர் முன்னால் காட்ட வேண்டுமே என்ற வெட்கம். வகுப்பு ஊமையானது உங்கள் கண்டிப்பால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் யார்தான் வாய் திறப்பார்கள்? கிரியோலைத் தடுத்ததும் சரியில்லை. இருவர் இருவராக யோசிக்கும்போது கிரியோலில் பேசட்டும், வகுப்புக்குச் சொல்லும்போது தமிழில் சொல்லட்டும். தனியே யோசித்து, இணையோடு பேசி, பிறகு அவைக்குச் சொல்லும் இந்த முறையை 1981-இல் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுத்தார். கூச்சமுள்ள மொழி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடி காத்திருந்ததும் பதில்கள் நீண்டன, தாமாகப் பேச வருகிறவர்களும் கூடினார்கள். கிரியோலில் நினைத்துத் தமிழில் சொல்கிற பிள்ளைக்குப் பத்து நொடியாவது கொடுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

எதைக் கேட்பது? அவர்கள் பையில் இருப்பதையே. நூறு ரூபாய் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். நம் தீவின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறது, தமிழ் எழுத்து இருக்கிறது. தினமும் கை மாறுகிற தாள். பலர் அந்த வரியை ஒரு நாளும் வாசித்திருக்க மாட்டார்கள். 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனதும் தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த எதிர்ப்பு சரியா, தேவையா என்று விவாதிக்க விடுங்கள். நான் இதைச் செய்த நாளில் குரல்கள் உயர்ந்தன, ஒரு பெண் கண் கலங்கினாள். அன்று என்னைக் காப்பாற்றியது முதல் நாள் தாளில் எழுதியிருந்த ஒரு வரி: "மறுப்பதற்கு முன், முன்னவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள்." அதைப் பின்பற்றியபோது தமிழும் கூடுதலாகப் பேச வேண்டியதாயிற்று.

இன்னொன்று, பெயர்கள். பிரெஞ்சு எழுத்தில் சுருங்கிப்போன தம் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். "அர்முகம்" என்று வாழ்நாளெல்லாம் அழைக்கப்பட்ட ஒருவன், அது ஆறுமுகம், முருகனின் ஆறு முகங்கள் என்று கண்டு எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சந்தையில் "ப்ரெட் முரும்" என்று வாங்குகிற கீரைக்குள் முருங்கை ஒளிந்திருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்படி உழைக்க வைத்தால் சிலர் முணுமுணுப்பார்கள், "நீங்களே சொல்லித் தந்தால் நன்றாகப் புரியுமே" என்று. 2019-இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வில் இதே நிலைதான்: தாமே முயன்று கற்றவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். ஆகவே ஏன் இப்படிக் கற்பிக்கிறீர்கள் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். அதுவும் ஓர் எதிர்பார்ப்புதான்.

இந்தப் பருவம் பாதியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். "சென்ற வாரங்களில் நான் தெளிவாகச் சொல்லவில்லை, திங்கள் முதல் இப்படி" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இதுவரை பிந்தியவற்றுக்குத் தண்டனை வேண்டாம். தாளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். சிரிப்பைப் பற்றிய வரியை எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்க ஆசை.