தங்கம் தெரிந்த பிறகும் ஏன் இத்தனை வருடம்?

கேள்வி: என் தாத்தா கே.ஜி.எஃப். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாதாளத்தில் இறங்கித் தங்கம் எடுத்த கதையெல்லாம் சொல்வார். ஆஸ்திரேலியாவில் மேலிருந்தே குழி வெட்டி எடுக்கிறார்களாமே! அப்புறம் ஏன், தங்கம் இருப்பது தெரிந்தும் சுரங்கம் தொடங்க ஐந்தாறு வருடம் ஆகிறது?
- வாசகி, ஓசூர்

பதில்: கோலாரில் தங்கம் குறுகலான குவார்ட்ஸ் பாறை வரிகளில் இருந்தது. வரி போன வழியே உங்கள் தாத்தா போன்றவர்கள் கீழே இறங்கினார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. திறந்தவெளிச் சுரங்கத்தில் கதை வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜியாலஜிஸ்டாக இருந்தவன் நான். அங்கிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

லாவர்டன் ஊருக்குக் கிழக்கே சுமார் 200 கி.மீ. தள்ளி, பாலைவன ஓரத்தில் இருக்கிறது க்ரூயேர் சுரங்கம். 2013-இல் கண்டுபிடித்தார்கள், முதல் தங்கம் வந்தது 2019 ஜூனில். அகலமான பாறை முழுக்கத் தங்கம் பரவிக் கிடக்கிறது, டன்னுக்கு ஏறக்குறைய 1.2 கிராம். ஒரு சவரன் நகைக்குச் சுமார் 7 டன் தாதுவை அரைக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அதனால்தான் துளை போடுவதிலேயே வருடங்கள் போகின்றன. துளையிலிருந்து காற்றழுத்தத்தில் மேலே வரும் கல்பொடியை மீட்டர் மீட்டராகப் பையில் பிடிப்போம். கொஞ்சத்தை அலசி, மீட்டருக்கு ஒரு குழி வீதம் பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பாறையைப் படிப்போம். சாம்பிள் எடுப்பவர்கள் மோதிரம், செயின் போடக் கூடாது. நகையிலிருந்து உரசி விழும் துகள் போதும், ஒன்றுமில்லாத கல்லைத் தாதுவாகக் காட்டிவிடும். தங்க அளவு ஏற்கெனவே தெரிந்த பொடியையும், தங்கமே இல்லாத பொடியையும் நடுநடுவே சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம், அவர்களுக்கும் ஒரு பரீட்சையாக. இந்தக் கண்டிப்பு தளர்ந்தால் பின்னால் வரும் கணக்கு எதையும் நான் நம்பமாட்டேன்.

எது தாது, எது வெறும் கல் என்பதையும் பாறை மட்டும் முடிவு செய்வதில்லை. தங்கத்தின் விலை, டீசல் செலவு, அரைக்கும் செலவு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோட்டைப் போடுகின்றன. விலை ஏறினால் நேற்று குப்பைமேட்டுக்குப் போன கல்லும் தாதுவாகும், குழியின் வரைபடமே மாறும்.

இதற்கிடையில் க்ரூயேர் மண்ணுக்குரிய பழங்குடிகளான யில்கா மக்களோடு 2016-இல் ஒப்பந்தம் ஆனது. அதே வருடம் இன்னொரு கம்பெனி பாதிப் பங்கை வாங்கிப் பணம் போட்டது. கேஸ் குழாய், தண்ணீர், விமான ஓடுதளம், தங்கும் முகாம் எல்லாம் அப்புறம்தான்.

ஆலை கட்டும் முன்னும் துளையில் எடுத்த கல்லையே திரும்ப நாட வேண்டும். மேல்பாறை உளுத்திருக்கும், சுலபமாக அரைபடும். கீழே போகப் போகக் கெட்டி. எந்த ஆழத்தில் எவ்வளவு கெட்டி என்பதை உருளை உருளையாக வெட்டியெடுத்த பாறையை உடைத்துப் பார்த்துத்தான், அரைவை எந்திரத்தின் மோட்டார் எத்தனை பெரியது என்று தீர்மானிப்பார்கள். சின்னதாக வாங்கிவிட்டால் கெட்டிப்பாறை வரும்போது உற்பத்தி படுத்துவிடும். குழிக்குள் எத்தனை லாரி ஓடினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.