ரோடு நகராட்சிக்குப் போயிருச்சு, ஹைவேஸ் நோட்டீஸ் செல்லுமா?

கேள்வி: பைபாஸ் வந்ததும் ஊருக்குள்ள போற பழைய மாநில நெடுஞ்சாலைய நகராட்சிகிட்ட ஒப்படைச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஷட்டருக்கு முன்னாடி நாலடி நீட்டியிருக்கிற என் கடை முகப்ப எடுக்கச் சொல்லி ஹைவேஸ், நெடுஞ்சாலைச் சட்டம் 28வது பிரிவுல நோட்டீஸ் கொடுத்துச்சு. இப்ப ரோடே அவங்களுது இல்லையே, நோட்டீஸ் செல்லாதுல்ல? 2017ல டாஸ்மாக்குக்கு இப்படித்தான் ரோட்ட மாத்துனாங்கன்னு கவுன்சிலரும் சொல்றார்.

பதில்: சார், இன்ஜினியர் மரியாதை இல்லாம பேசுனாரு, எதிர்க்கடைய விட்டுட்டாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. வருத்தம் புரியுது, ஆனா அவன இடிக்கல அதனால என்னையும் இடிக்காதன்னு எந்தக் கோர்ட்லயும் கேக்க முடியாது. வேண்டியது ஒரே ஒரு விவரம், அத நீங்க எழுதல. ஷட்டருக்கு முன்னாடி இருக்கிற அந்த நாலடி உங்க பட்டாவுல வருதா, ரோடு புறம்போக்குல வருதா?

டாஸ்மாக் கதை வேற. 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் மதுக்கடைக்கு நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டர்னு தூரம் வச்சுச்சு, அதனால ரோட்டோட வகை மாறுனா தூரக் கணக்கும் மாறும்னு அரசாங்கம் பாத்துச்சு. அதுக்கே 2017 ஏப்ரல்ல ஹைகோர்ட் மூணு மாசம் தடை போட்டுச்சு. உங்க விஷயத்துல இருக்கிறது தூரம் இல்ல, இடம். ரோட்ட யார் பராமரிச்சாலும் புறம்போக்கு புறம்போக்குதான், சர்வே கல்லு நகராது. பழைய நோட்டீஸ் செல்லாதுன்னு வாதாடி ஜெயிச்சாலும் நகராட்சி தன் பேர்ல புதுசா ஒண்ணு கொடுக்கும், அவ்வளவுதான்.

நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. என்கிட்ட வந்த ஒரு டிபன் கடைக்காரர் ஹைவேஸ் மேல மட்டும் கேஸ் போட்டு தடை வாங்கி அத லேமினேட் பண்ணி கல்லாவுக்கு மேல மாட்டி வச்சிருந்தார், ரோடு கை மாறுச்சு, நகராட்சி ஜேசிபியோட வந்து நாங்க அந்தக் கேஸ்லயே இல்லன்னுட்டாங்க, முகப்பு சிலாபும் உள்கடை பீமும் ஒரே கம்பியில போட்டிருந்ததால பட்டாவுக்குள்ள இருந்த சுவரும் சேந்து பிளந்துருச்சு. அவர் கையில ஒரு கத்தை பி-மெமோ ரசீது வேற. வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கேனேன்னு கேட்டார். பி-மெமோ ஆக்கிரமிப்புக்குப் போடுற தண்டம், 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வர்றது, அத நீங்களே கோர்ட்ல நீட்டுனா இது அரசாங்க இடம்தான்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. சொத்து வரி ரசீதும் ஈபி பில்லும் அனுபவத்தக் காட்டும், உரிமையக் காட்டாது. கவுன்சிலர் சொன்னாருன்னு இந்த இடத்த வாடகைக்கு விடுங்கன்னு நகராட்சிக்கு மனு மட்டும் கொடுத்துடாதீங்க, அதுவும் ஒப்புதல்தான்.

முதல்ல எஃப்எம்பியும் (நில அளவை வரைபடம்) டவுன் சர்வே பதிவேடும் எடுத்து, பணம் கட்டி சர்வேயர வச்சு அளங்க. நாலடி உங்களுதுன்னு வந்தா நகராட்சி, ஹைவேஸ், கலெக்டர் மூணு பேரையும் சேத்து கேஸ் போடலாம், நான் தைரியமா நிப்பேன். புறம்போக்குன்னு வந்தா கேஸே வேணாம் சார். கமிஷனரப் பாத்து, நானே எடுத்துக்கிறேன், ஒரு மாசம் டைம் கொடுங்கன்னு எழுத்துல கேளுங்க. அந்த ஒரு மாசத்துல நல்ல கொத்தனார வச்சு கட்டர் மெஷின்ல முகப்ப பீமுக்கு வெளிய அறுத்து எடுத்துட்டா பட்டாவுல இருக்கிற கடையாவது முழுசா நிக்கும், ஷட்டரும் ஷீட்டும் கையில மிஞ்சும்.