எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது? கடலியல் நூலகர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘மிக அவசரம்’ என்று தொடங்குகின்றன. அவசரம் உங்களுடையது, அலமாரிக்கு அது தெரியாது. வழக்கம்போல கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டிருக்கிறேன். பதில் வராதவர்கள் தாங்கள் அனுப்பிய கடிதத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

கே: கடல் சூழல் பற்றிய எல்லாத் தகவல்களையும் பிடிஎஃப் ஆக அனுப்பி உதவவும்.

ப: கடலை உறையில் போட்டு அனுப்பும் வசதி இங்கே இல்லை. எந்தக் கடல், எந்த உயிர் அல்லது எந்த அளவீடு, எந்த ஆண்டுகள்? மூன்றையும் எழுதி மறுபடி கேளுங்கள்.

கே: சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1875இல் அளந்த அதிகபட்ச ஆழம் 4,475 என்று பழைய அறிக்கையில் இருக்கிறது. இன்று அதே பள்ளம் 11,000 மீட்டர் என்கிறார்கள். 150 ஆண்டில் கடல் இவ்வளவு ஆழமாகிவிட்டதா?

ப: இல்லை. நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், அதற்குப் பக்கத்தில் இருந்த சொல்லைப் பார்க்கவில்லை. அது ஃபேதம் கணக்கு, அதாவது பாகம். ஒரு ஃபேதம் ஆறு அடி, மீட்டரில் 1.83. பெருக்கினால் 8,200 மீட்டர் வரும். மீதி வித்தியாசத்துக்குக் காரணம் எளிது: கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிய இடம் அந்த மரியானா அகழியின் அடியாழப் புள்ளி அல்ல. அந்தப் புள்ளி பிற்காலத்தில்தான் அகப்பட்டது, பெயரை மட்டும் கப்பலிடமிருந்து வாங்கிக்கொண்டது.

பழைய அறிக்கைகளைத் திறக்கும் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். 1872 முதல் 1876 வரை நடந்த அந்தப் பயணத்தின் அறிக்கை 50 தொகுதி. முன்னுரையைத் தாண்டிக் குதித்து நேரே அட்டவணைக்குப் போகாதீர்கள். ஆழம் ஃபேதத்தில், வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கும். அந்தக் காலத்து வேறு சில நாட்டு வரைபடங்களில் தீர்க்கரேகை கிரீனிச்சிலிருந்து தொடங்காமல் பாரிஸிலிருந்து தொடங்கும். அங்கே மட்டும் இரண்டு பாகைக்கு மேல் தவறிப்போவீர்கள். அலகு தெரியாத எண்ணைக் கட்டுரையில் போடுவதற்கு, எண்ணே போடாமல் இருக்கலாம்.

கே: உவர்ப்புக்கு சரியான அலகு எது? பிஎஸ்யூ (நடைமுறை உவர்ப்பு அலகு) என்று எழுதியதை ஆய்விதழ் அடித்துவிட்டது.

ப: சரியாகத்தான் அடித்திருக்கிறது. 1978இன் நடைமுறை உவர்ப்பு அளவுகோல் மின்கடத்துதிறன் விகிதத்தில் நிற்கிறது. விகிதத்துக்கு ஏது அலகு? ‘உவர்ப்பு 35’ என்று எழுதி நிறுத்துங்கள். 2010இலிருந்து புழக்கத்தில் இருக்கும் டியோஸ்-10 என்ற கடல்நீர்க் கணக்கு முறையில் ‘தனி உவர்ப்பு’ (அப்சல்யூட் சாலினிட்டி) என்று ஒன்று உண்டு. அதற்கு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று அலகும் உண்டு. 35க்கு அருகில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.17 அளவுதான், ஆனால் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. காப்பகத்தில் சேமிக்கும்போது பழைய நடைமுறை உவர்ப்பையே சேமிக்க வேண்டும். தனி உவர்ப்பு, கணக்குப் போடும்போது எடுக்க வேண்டியது.

கே: மாண்டா திருக்கையைப் பற்றித் தேடினால் இரண்டு பேரினப் பெயர்கள் வருகின்றன. எது சரி? சில இடங்களில் உயிருக்குப் பெயர் வைத்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள், சில இடங்களில் வெளியே. அச்சுப்பிழையா?

ப: நல்ல கேள்வி, மகிழ்ச்சி. 2017இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு மாண்டா என்ற பேரினத்தை மோபுலாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். இன்றைய பெயர் மோபுலா பைராஸ்ட்ரிஸ். ஆனால் தேடும்போது இரண்டு பெயரையும் போட வேண்டும். புதிய பெயரை மட்டும் போட்டால் அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலானவை வலையில் விழாமல் போய்விடும். கடலுயிர்ப் பெயர்களுக்கு வோர்ம்ஸ் என்ற உலகப் பதிவேடு இருக்கிறது, இலவசம். அதில் ஒரு பெயரைப் போட்டால் அது ஏற்கப்பட்டதா இல்லையா, பழைய பெயர்கள் எவை என்று எல்லாம் வரும். ஒவ்வொரு பெயருக்கும் அஃபியா எண் ஒன்று தருகிறார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பதிவேட்டை வல்லுநர்கள் அன்றாடம் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அடைப்புக்குறி அச்சுப்பிழை அல்ல. வால்பாம் 1792இல் அந்தத் திருக்கைக்குப் பெயர் வைத்தபோது ராஜா என்ற பேரினத்தில் வைத்தார். பேரினம் மாறியதால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போனது. எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு லின்னேயஸ் 1758இல் கொடுத்த பேரினம் மாறவில்லை, அவர் வெளியே நிற்கிறார். ‘அழகுக்காக’ எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போடும் மாணவர்கள் கவனிக்கவும்.

கே: காசு கட்டாமல் கட்டுரை படிக்க வழி?

ப: அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டும். இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். அதுவும் நடக்காவிட்டால் உங்கள் நூலகரிடம் போங்கள். நீங்கள் மறைமுகமாகக் கேட்ட, திருட்டுப் பிரதி தரும் அந்த இன்னொரு தளத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கே: ஆய்வேட்டுக்காக 14 கட்டுரைகளின் பட்டியல் அனுப்பினேன். ஐந்தை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவை ‘இல்லை’ என்கிறீர்கள். கடலியலுக்கென்றே இருக்கும் நூலகத்தில் இல்லையென்றால் வேறெங்கே தேடுவது?

ப: எங்கும் தேட வேண்டாம். ‘எங்களிடம் இல்லை’ என்று நான் எழுதவில்லை, ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த ஒன்பது கட்டுரைகளையும் யாரும் எழுதவே இல்லை. பட்டியல் ஏஐ சாட்பாட் தந்தது என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ‘டீப்-சீ ரிசர்ச், இரண்டாம் பகுதி, 1987’ என்று இருந்தது. 1953இல் தொடங்கிய அந்த இதழ் முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று பிரிந்தது 1993இல். பிறக்காத இதழில் கட்டுரை எப்படி வரும்? இன்னொன்றின் டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) தட்டினால் பல் மருத்துவக் கட்டுரை திறக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது ஏழாவது. ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், தொகுதி எண்ணும் நிஜம்; ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பது வேறொருவருடைய இறால் லார்வா ஆய்வு. இதை யார் சந்தேகப்படுவார்கள்?

எனக்குக் கோபம் ஏன் என்றால், இந்த ஒன்பதுக்காக இரண்டு பேர் அரை நாள் உட்கார்ந்தோம். கடலியல் நூலகங்கள் ஒன்றுக்கொன்று கட்டுரை கொடுத்து வாங்குவது நெடுங்கால வழக்கம். ஐயாம்ஸ்லிக் என்ற எங்கள் கூட்டமைப்புக்கு 50 வயது ஆகிறது. எங்களிடம் இல்லாததை இன்னொரு நாட்டு நூலகரிடம் கேட்போம், அவர் அடித்தளத்துக்கு இறங்கிப் போய்த் தேடுவார். இல்லாத கட்டுரைக்காக மூன்று நாடுகளில் மூன்று பேர் ஏணி ஏறி இறங்கியிருக்கிறோம். தீவு நாடு ஒன்றில் பவளப்பாறை வெளிறியதைப் பற்றி நிஜமான அறிக்கை கேட்டவர் அந்த வாரம் வரிசையில் காத்திருந்தார்.

பழியை ஏஐ தலையில் மட்டும் கட்டவும் நான் தயாரில்லை. வியாதி பழையது. ஒரு பெரிய பதிப்பகம், மேற்கோள் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காகத் தன் வழிகாட்டியில் கற்பனைக் கட்டுரை ஒன்றைப் போட்டிருந்தது. வெறும் மாதிரி. அதையே நூற்றுக்கணக்கான கட்டுரைகள் நிஜ மேற்கோளாகத் தூக்கிக்கொண்டு வெளிவந்தன. எழுதியவரும் திறந்து பார்க்கவில்லை, மதிப்பிட்டவரும் திறந்து பார்க்கவில்லை. படிக்காமல் மேற்கோள் காட்டும் பழக்கத்தை நாம்தான் வளர்த்தோம். ஏஐ அதற்கு வேகம் கொடுத்திருக்கிறது, அவ்வளவே.

இனிமேல் பட்டியல் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் மூன்று வேலை செய்யுங்கள். டிஓஐ எண்ணைத் தட்டி, திறப்பது அதே கட்டுரைதானா என்று பாருங்கள். டிஓஐ இல்லாத பழையவற்றுக்கு அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணைச் சரிபாருங்கள். கட்டுரை கிடைத்துவிட்டால், அது திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலை 2023இலிருந்து, டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்யாத பட்டியல்கள் ‘தேடப்படவில்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வரும். முத்திரை செய்தாகிவிட்டது.

கே: ஜெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடத்தின் ஆழத் தரவை வைத்துப் படகுக்கு வழிகாட்டும் செயலி செய்கிறோம். எந்தப் பதிப்பு நல்லது?

ப: எந்தப் பதிப்பும் வேண்டாம், கைவிடுங்கள். கப்பலோட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் நிலநடுக்கோட்டில் சுமார் 450 மீட்டர் அகலம். அதற்குள் ஒரு பாறை நிம்மதியாக ஒளிந்துகொள்ளும். ஆய்வுக்கு எடுப்பவர்கள் கூடவே வரும் மூல அடையாளக் கட்டத்தையும் இறக்குங்கள். எந்த ஆழம் கப்பல் அளந்தது, எது செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்தது என்று அதுதான் சொல்லும். ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது, ஆகவே ‘ஜெப்கோ’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஆண்டு வேண்டும்.

கே: கடலில் 95 சதவீதம் இன்னும் அறியப்படாதது என்பதற்கு மூல ஆதாரம் வேண்டும்.

ப: ‘அறியப்படாதது’ என்றால் என்ன என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். செயற்கைக்கோள் வழியாகக் கரடுமுரடாக முழுக் கடலடியும் 1990களிலேயே வரையப்பட்டாயிற்று. எதிரொலிக் கருவியால் நவீன தரத்தில் அளந்தது என்று கேட்டால், கடலடி முழுவதையும் வரைய முனையும் சீபெட் 2030 திட்டம் தொடங்கிய 2017இல் 6 சதவீதம், இன்று கால்வாசிக்குச் சற்று மேல். மனிதரோ காமிராவோ நேரில் பார்த்தது என்றால் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே. மூன்றும் மூன்று கேள்வி. உங்கள் 95 இன்று எதற்கும் பொருந்தவில்லை, ஆனாலும் மேடைதோறும் ஏறிவிடுகிறது.

கே: ஓபிஸ் என்ற கடலுயிர்ப் பதிவுத் தளத்தின் தரவில் என் மீன் இனம் ஒரு பெரிய கடல் பகுதியில் அறவே இல்லை. சில புள்ளிகள் பாலைவனத்தின் நடுவில் இருக்கின்றன.

ப: வெற்றிடம் என்றால் மீன் இல்லை என்று பொருளல்ல, அங்கே போய்ப் பார்த்துப் பதிந்தவர் இல்லை என்று பொருள். பத்து கோடிக்கு மேல் பதிவுகள் இருந்தாலும் அவை ஆய்வுக் கப்பல் போன வழியிலும் கரையோரத்திலும்தான் குவிந்திருக்கின்றன. பாலைவன மீன்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும், அல்லது கழித்தல் குறி தொலைந்திருக்கும். பூச்சியம்–பூச்சியம் புள்ளியில் கூட்டமாக நிற்பவை, இடம் எழுத மறந்தவர்களின் மீன்கள். தர எச்சரிக்கைக் குறிகளைப் பார்த்து வடிகட்டுங்கள். ஜிபிஃப் என்ற பொது உயிர்ப் பதிவுத் தளத்தின் தரவையும் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இரட்டைப் பதிவுகளை முதலில் நீக்குங்கள், ஒரே தொகுப்பு இரண்டு இடத்திலும் இருப்பது சகஜம். இறக்கிய தேதி? கடிதத்தில் காணோம்.

கே: ஆர்கோ என்ற தானியங்கி அளவீட்டு மிதவை ஒன்று காட்டும் உவர்ப்பு, ஆழத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. புதிய கண்டுபிடிப்பா?

ப: ஒரே ஒரு மிதவையில் மட்டும் என்றால், கருவி பிறழ்ந்ததைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சுமார் 4,000 மிதவைகள் 1,000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வருகின்றன. முதலில் வருவது உடனடித் தரவு, அதை இயந்திரம் மட்டுமே பார்த்திருக்கும். வல்லுநர் திருத்திய தாமதத் தரவு வர ஓராண்டு போல ஆகும். கோப்பின் பெயர் ‘டி’யில் (D) தொடங்குகிறதா என்று பாருங்கள், திருத்திய மதிப்புள்ள பத்தியை எடுங்கள், தரக்குறி 1 உள்ளவற்றை மட்டும் வையுங்கள். ஏற்றம் அதற்குப் பிறகும் நின்றால் எழுதுங்கள், நானே முதலில் வாழ்த்துகிறேன். மேற்கோளுக்கு மாதாமாதம் உறையவைக்கும் பிரதிக்குத் தனி டிஓஐ உண்டு.

கே: எங்கள் நிலையத்தின் பழைய அறிக்கைகளை எங்கே வைத்தால் உலகம் பார்க்கும்?

ப: அக்வாடாக்ஸ். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் ஐயாம்ஸ்லிக்கும் சேர்ந்து நடத்தும் திறந்த காப்பகம். உரிமை யாரிடம் என்று தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். கோப்புக்கு ‘ஸ்கேன் 003’ என்று பெயர் வைக்காதீர்கள்.

கே: பழைய கடலியல் நூல்கள்தான் பல்லுயிர் மரபு நூலகத்தில் இலவசமாக இருக்கின்றனவே. காகிதப் பிரதிகளை ஏன் இன்னும் அடைகாக்கிறீர்கள்?

ப: ஆறு கோடிப் பக்கங்களைத் திறந்துவிட்டிருக்கும் அந்தத் தளத்தை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் மொத்தமொத்தமாக ஸ்கேன் செய்த பிரதிகள் வேறு பலவும் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றில் மடித்து ஒட்டிய வரைபடங்களை விரிக்காமலேயே படமெடுத்திருப்பார்கள். நீங்கள் பார்ப்பது மடிப்பின் முதுகை. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் நூல்கள் பகுதி பகுதியாக, மெல்லிய மேலுறையோடு வந்தன. பைண்டு செய்தவர்கள் அந்த உறையைக் கிழித்து எறிந்தார்கள். ஒரே உயிருக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முந்தியவருடையது செல்லும். எந்தப் பகுதி எந்த மாதம் வெளிவந்தது என்பது பல சமயம் அந்த உறையில் மட்டும்தான் இருக்கிறது. எங்களிடம் உறையோடு சில கட்டுகள் இருக்கின்றன. வந்து பார்க்கலாம், பேனாவை வாசலில் வைத்துவிட்டு.