வானத்துச் சிக்னலும் வானுக்குள்ள ரிவியும்: கேள்வி பதில்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கிற உறவுகள் சிலபேர் படுக்கை போட்ட வானை எடுத்துக்கொண்டு கசூரினா, சாட்டி, மணற்காடு எண்டு கடற்கரையில தங்கினம். ரிவி வேலை செய்யேல்லை எண்டு ஒவ்வொருத்தராத் தனித்தனியாக் கேக்காமல் எல்லாரும் இங்கயே கேளுங்கோ. முப்பது வருசம் அன்ரனாவும் டிஷ்ஷும் பூட்டினவன் நான். ஒண்டு முதலே சொல்லிப்போடுறன்: கம்பம் நிமித்த முந்தி மேல மின்சாரக் கம்பி போகுதோ எண்டு பாருங்கோ. பிறகும் சொல்லுவன்.

லண்டன் தங்கச்சி: அண்ணை, லண்டனில எங்கட கம்பர் வானில டிஷ் வைச்சால் அஞ்சு நிமிசத்தில படம் வரும். கசூரினாவில நல்ல சவுக்கு நிழல் பாத்து நிப்பாட்டி, இந்தியாவின்ர இலவச டிஷ் சனல்களுக்கு ஒரு மணித்தியாலம் திருப்பினம். கடல் பக்கம் வெளிதான், ஒண்டும் மறைக்கேல்லை. டிஷ் பழுதோ?

டிஷ் பழுதில்லை தங்கச்சி, நிழல்தான் பழுது. லண்டனில நீங்கள் பிடிக்கிற செய்மதி அடிவானத்திலயிருந்து 25 பாகை உயரத்திலதான் நிக்குது. அதால அங்க எதிரில வேலி, வீடு மறைக்குதோ எண்டு பாத்துப் பழகியிருப்பியள். இங்க கதை வேற. நீங்கள் தேடுறது ஜிசாற் 15 எண்ட இந்தியச் செய்மதி. பூமத்திய ரேகைக்கு மேல, கிழக்கு 93.5 பாகை நெடுங்கோட்டில நிக்குது. யாழ்ப்பாணத்திலயிருந்து அது தென்கிழக்கில, 70 பாகை உயரத்தில. கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல! எதிரில கடல் வெளியா இருந்தென்ன, தலைக்கு மேல சவுக்கு மூடியிருக்கே.

இன்னொரு மாயமும் இருக்கு. சாதாரண டிஷ்ஷின்ர முகம் பாக்கிற இடத்தில செய்மதி நிக்கிறேல்லை, அதைவிட 25 பாகையளவு மேல நிக்கும். டிஷ் நேர பாக்குது எண்டு நினைச்சு நீங்கள் கடலைப் பாக்கிறியள், சிக்னல் மரக்கொப்புக்குள்ளால வரப் பாக்குது.

வான் நிழலிலயே நிக்கட்டும். டிஷ்ஷை முக்காலியில பூட்டி வெயிலுக்குக் கொண்டுபோங்கோ, 15, 20 மீற்றர் ஆர்ஜி 6 எண்ட டிஷ் வயர் போதும். இப்ப சோளகம் அடிக்கிற காலம், முக்காலி ஆடும். மூண்டு காலுக்கும் மண் நிரப்பின கான் கட்டுங்கோ. திசை பாக்கிற போனை வானுக்குக் கிட்டப் பிடிக்காதேங்கோ. வானின்ர இரும்பு திசைகாட்டியைக் குழப்பும், பத்தடி தள்ளி நிண்டு பாருங்கோ. தென்கிழக்கு 125 பாகை. டிஷ்ஷை ஒரு விரலளவு அசைச்சால் ஐஞ்சு எண்ணுங்கோ. பொக்ஸ் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும், சனம் அவசரத்தில அதைத் தாண்டித் திருப்பிப்போடுதுகள். டிஷ்ஷுக்கு முன்னால நிண்டு சிக்னலை வாங்கிற தலை, அதுதான் எல்என்பி, அதையும் ஒரு பக்கம் சரிக்கவேணும், இங்க 50 பாகைக்கு மேல சரியும். எந்தப் பக்கம் எண்டு குழம்பினால் அந்தச் சனல் பாக்கிற ஊர்வீடு ஒண்டின்ர டிஷ்ஷைப் பாத்து அப்பிடியே செய்யுங்கோ.

சுன்னாகம்: கம்பர் வான் எண்டால் என்ன?

படுக்கை, அடுப்பு, தண்ணித் தாங்கி எல்லாம் உள்ள வான். இராமாயணத்துக்கும் அதுக்கும் தொடர்பில்லை.

கோண்டாவில் தம்பி: டயலொக் டிஷ்ஷும் அதே பக்கமோ?

இல்லை. அது கிழக்கு 45 பாகை நெடுங்கோட்டில நிக்கிற செய்மதி, எங்களுக்கு நேர்மாறு. மேற்கில, கொஞ்சம் தெற்குச் சாய்ஞ்சு, 48 பாகை உயரம்.

மானிப்பாய்: மணற்காட்டில இரவு ரிவி பாத்துட்டு விடியப் பாத்தால் வான் ஸ்ராட் எடுக்கேல்லை.

வான் பற்றரியில ரிவி பாத்தால் அப்பிடித்தான். 12 வோல்ற் சின்ன ரிவி 30 வாற்ஸ், பொக்ஸ் 10 வாற்ஸ் எண்டு வையுங்கோ. மூண்டரை அம்பியர் இழுக்கும். நாலு மணித்தியாலத்தில 14 அம்பியர் மணி. அதுக்கு மேல லைற், காத்தாடி, பிள்ளையளின்ர போன். ரிவிக்கு வேற பற்றரி வையுங்கோ, அதையும் பாதிக்குக் கீழ இறக்காதேங்கோ. சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்ட ஊர் இது, ரிவி சத்தத்தில பற்றரியை மறக்கலாமோ!

கொக்குவில்: இந்தியச் சனல் எண்டால் டிஷ் வடக்கதானே பாக்கவேணும்? மச்சான் அடிச்சுச் சொல்றார்.

மச்சான் பிழை. இந்த ரிவிச் செய்மதி எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேல, 36,000 கிலோமீற்றர் உயரத்தில நிக்குது. நாங்கள் ரேகைக்கு வடக்க இருக்கிறம். அதால இங்க எந்த டிஷ்ஷும் தெற்குப் பக்கம் சாய்ஞ்சுதான் பாக்கும். சனல் சென்னையில எடுக்கிறதாயிருக்கலாம், வாறது வானத்தால.

வல்வெட்டித்துறை மாமா: தம்பி, நீர் பிறக்க முந்தியே நாங்கள் அன்ரனாவை வடக்கத் திருப்பித்தான் தூரதர்ஷன் பாத்தனாங்கள். 40 அடிக் கம்பம், மேல பூஸ்ரர்.

மாமா, அது அன்ரனா, இது டிஷ். அன்ரனா கோபுரம் நிக்கிற பக்கம் பாக்கும். நீங்கள் பாத்தது கொடைக்கானல் மலையிலயிருந்து வந்தது எண்டால், அது வடக்கில்லை, மேற்கு. தேசப்படத்தை விரிச்சுப் பாருங்கோ. மலை 2,000 மீற்றருக்கு மேல, நடுவில கடல். கடலுக்கு மேல சூட்டுக்காத்து ஒரு படலமா மூடிற இரவுகளில சிக்னல் அதுக்குக் கீழால வளைஞ்சு கனதூரம் ஓடிவரும். அதுதான் ஒரு நாள் கண்ணாடி மாதிரி, அடுத்த நாள் முழுக்க அரிசிமணி.

வேலணை: நாங்கள் சாட்டியிலயிருந்து இராமேஸ்வரம் பாத்தனாங்கள். அது வடக்கு.

இராமேஸ்வரம் எங்களுக்குத் தென்மேற்கு! அங்க 323 மீற்றர் கோபுரம் நிக்குது. எங்களுக்கு நேர வடக்கில இருக்கிறது கோடிக்கரை. இந்தியா மூண்டு பக்கமும் இருக்கு, அதைப் பிடிச்சுக்கொண்டு ஏன் சண்டை?

வல்வெட்டித்துறை மாமா: நான் என்ர கையாலை பூட்டின கம்பம். வடக்குத்தான்.

மாமா, போனில திசைகாட்டி இருக்குமே, கம்பத்தடியில நிண்டு பாத்துட்டு வாங்கோ. அடுத்த கேள்வி.

அளவெட்டி: அண்ணை, மரத்துக்குக் கீழ சிக்னல் இல்லை…

முதல் பதில்.

உரும்பிராய்: உள்ளூர்ச் சனலுக்கும் டிஷ் வேணுமோ?

வேண்டாம். 2011இல திறந்த கொக்காவில் கோபுரம், 174 மீற்றர். மீன்முள்ளு மாதிரி இருக்கிற யாகி அன்ரனா ஒண்டைத் தென்கிழக்கப் பாக்க, ஏலுமான உயரத்தில வையுங்கோ. உயரத்தில எண்டு சொன்னது மின்சாரக் கம்பிக்குத் தள்ளி. அலுமினியக் கம்பம் கம்பியில முட்டினால் பிறகு ரிவியும் இல்லை, ஆளும் இல்லை.

கொழும்பு மருமகன்: இந்தக் கரைச்சல் ஏன்? போன் டேட்டாவில பாக்கலாமே.

பாக்கலாம். தெளிவான படம் மணித்தியாலத்துக்கு 2, 3 ஜிபி தின்னும். ஒரு கிரிக்கெட் மட்சுக்குக் கணக்குப் பாருங்கோ.

சாவகச்சேரி: இந்தியக் கார்ட் ரீசார்ஜ் செய்யிற ஆள் தெரியுமோ?

நான் டிஷ் பூட்டினவன். அந்த இணைப்புகள் இந்தியாவுக்குள்ள பாக்கிறதுக்கு விக்கிறது. அடுத்தது.

பருத்தித்துறை அக்கா: போன வருசம் நல்லா வந்தது, இப்ப படம் உடைஞ்சு உடைஞ்சு வருது. டிஷ் மாத்தவேணுமோ?

மாத்தாதேங்கோ அக்கா. வயர் நுனியில இருக்கிற முறுக்கித் தலையைக் கழட்டுங்கோ, பொக்ஸை நிப்பாட்டிப்போட்டு. நடுச் செப்புக் கம்பியில பச்சை பூத்திருக்கும். உப்புக்காத்து செய்யிற வேலை. ஒரு சாண் வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தலை போட்டு, மேல ரப்பர் ரேப் இறுக்கிச் சுத்துங்கோ. நான் பாத்த கடற்கரைப் பழுதில பாதி உந்த நாலு அங்குலத்துக்குள்ளதான்.

நல்லூர்: மரத்துக்குக் கீழ…

முதல் பதில், முதல் பதில்!

வல்வெட்டித்துறை மாமா: மொட்டை மாடிக்குப் போட்டு வந்தன். பழைய கம்பம் இன்னும் நிக்குது, துருப்பிடிச்சு. போனை வைச்சுப் பாத்தால் மேற்கு எண்டு காட்டுது. ஆனால் கொஞ்சம் வடக்கும் இருக்கு.

ஓம் மாமா, இருக்கு. அந்தக் கொஞ்சத்தை உங்களுக்கே விடுறன்.