ஃபால்ஸ்டர்போவில் பறவை வலசை பார்க்க எந்த வாரம் போகலாம்?

ஸ்வீடனுக்குப் புதிதாக வந்திருப்பதாகவும், செப்டம்பரில் ஏதாவது ஒரு சனிக்கிழமை ஃபால்ஸ்டர்போ போனால் வலசைப் பறவைகளைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள், காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். மால்மோவில் இருக்கும் நான் அப்படித்தான் கிளம்புகிறேன், வீட்டில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை.

அந்த இடம் ஸ்வீடனின் தென்மேற்கு மூலை. ஸ்காண்டிநேவியாவில் இருந்து தென்மேற்காகப் போகும் பறவைகளில் பல கடலைத் தாண்டத் தயங்கிக் கரையை ஒட்டியே வருகின்றன, கரை குறுகிக் குறுகி நாபென் என்ற முனையில் முடிந்துவிடுகிறது. எதிரே டென்மார்க் 25 கி.மீ. போல இருக்கும். முனை வரை வந்துவிட்டு, கடலைப் பார்த்ததும் மனம் மாறி உள்நாட்டுப் பக்கமே திரும்பிவிடும் கூட்டங்களும் உண்டு.

பின்னால் இருந்து காற்று தள்ளினால்தானே நிறைய வரும் என்று தோன்றும். வரத்தான் செய்யும், ஆனால் அப்போது அவை உயரத்தில் பரவலாகப் போய்விடுவதால் கீழே நிற்கிற நமக்குக் கண்ணில் படாது. தென்மேற்கில் இருந்து மிதமான எதிர்க்காற்று அடிக்கும் நாளில்தான் சிறு பறவைகள் தலைக்குச் சற்று மேலே, கரையோரமாக நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

எது வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தேன்பருந்துக்கு (பெயர்தான் தேன், தேடித் தின்பது குளவிக் கூட்டை) ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும். முதலில் வளர்ந்தவை போகும், அந்த வருடக் குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். ஸ்பாரோஹாக், பார்க்க நம் ஊர் வல்லூறு மாதிரியே இருக்கும், செப்டம்பர் முழுக்க உண்டு, கூடவே போகிற சிறு பறவைகளையே வழியில் பிடித்துத் தின்றுகொண்டு போகும். கூட்டம்தான் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம்: சாஃபிஞ்ச், பிராம்ப்ளிங் என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவைகள் இரண்டும் கலந்து ஒரே காலையில் லட்சத்தைத் தாண்டும் நாட்களும் வரும்.

நேரமும் முக்கியம். சிறு பறவைகளுக்கு விடிவதற்கு முன்பே நாபெனில் நிற்க வேண்டும். பருந்துகள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது, தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழுந்தால்தான் வட்டமிட்டு உயரம் ஏற முடியும், அதனால் ஒன்பது, பத்து மணிக்கு மேல் லியுங்கென் புல்வெளிப் பக்கம் போய்விடுங்கள். இரவில் பறக்கும் ராபின், வார்ப்ளர் போன்றவற்றைக் கலங்கரை விளக்கத் தோட்டத்தில் வலையில் பிடித்துக் காலில் அடையாள வளையமிட்டுப் பறக்க விடுகிறார்கள். நாபெனில் 1973 முதல் ஒரே முறையில் எண்ணி வருகிறார்கள்: ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்து நவம்பர் 20 வரை தினமும், விடியலில் இருந்து பகல் 2 மணி வரை. எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் நின்றாலே போதும், அவர் பார்க்கும் திசையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், நாபெனில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. காற்றுப் புகாத மேலங்கி, பிளாஸ்கில் டீ, எட்டு மடங்கு பைனாகுலர் போதும். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் அந்த வாரத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், மழை விட்டு வெயிலடிக்கும் முதல் நாள் லீவு போட்டாவது போங்கள், தேங்கி நின்றதெல்லாம் அன்றைக்குத்தான் மொத்தமாகக் கிளம்பும்.